என் அறையை நானே கொண்டுவருகிறேன்

தம்பி,

நீண்ட யோசனைக்கும் இரு தரப்பு நியாயங்களையும் பொறுமையாகக் கேட்டதற்கும் பிறகு, ரைஸ் குக்கரைக் கொண்டுபோவதில்லை என்று சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தீர்மானித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் இப்போதெல்லாம் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாகவே நிறைவேறுகின்றன. இதை அற்ப விஷயம் என்று நீ நினைக்கக்கூடும். நம்முடைய ஆட்கள் ஒரு நாள் நயாகராவுக்குப் போய்வருவதென்றாலே ரைஸ் குக்கரோடு போகிறவர்கள். நீர்வீழ்ச்சியைப் பார்க்க மறந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். குக்கரை மறந்து போனவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்த நான், ஒரு சின்ன அலுமினியச் சட்டியை நம்பி நெடும்பயணம் கிளம்பினேன். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இதைப் பகிரங்கக் கடிதமாகப் பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் உண்டு. இதில் உள்ள விஷயம் ஏற்கெனவே ரொறன்ரோவில், நம் ஸ்காபரோ முழுவதும், ஒவ்வொருவருடைய சொந்தப் பதிப்பாக வெளிவந்துவிட்டது. திருத்திய பதிப்புகளும் வந்தன. மூலப் பிரதி மட்டும்தான் வரவில்லை. அந்தப் பதிப்புகளில் நீ ஒரு கல்நெஞ்சக்காரன், நிருஷா எனக்குச் சோறு போடாத மருமகள், நான் ட்ரக்குக்குள் குடியிருக்கும் ஒரு பாவப்பட்ட மனிசி. மூன்றும் தவறு. சரியானதை எழுதிவிட்டால் பிறகு அவரவர் விருப்பம்.

நீ மேற்கே எட்மன்ரனுக்குப் போனது வேலைக்காக. ரொறன்ரோவில் வீடு வாங்க முடியாது, அங்கே முடியும் என்றாய். முடிந்தது. வாங்கிய வீட்டைக் கைபேசியில் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாய். உங்கள் இருவருக்கும் ஒன்று, பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒன்று, நீ வீட்டிலிருந்து வேலை செய்ய ஒன்று. மிச்சமிருந்த கடைசி அறையை நீ காட்டி முடிப்பதற்குள் நான் அதற்கு மனதிற்குள் திரைச்சீலை போட்டுவிட்டேன். பிள்ளை பிறந்ததும் நிருஷாவின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். முறை அதுதான். முதல் பிள்ளைக்குப் பெண்ணின் தாய்தான் பத்தியம் காய்ச்ச வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்தியம் முடிந்தது, பிள்ளை தவழ்ந்தது, அவர்கள் காரும் வாங்கினார்கள். தை மாதம் நான் உன்னிடம் கேட்டேன்:

“கோடைக்கு ஒருக்கா வரட்டோ?”

“ரூம் இல்லையே அம்மா. மாமாவையள் நிக்கினம். அடுத்த வருசம் பாப்பமே.”

“நான் சோபாவில படுப்பன்.”

“சீ, உங்கட நாரி நோவுக்கு உது சரிவராது. பிறகு எனக்குத்தான் பேச்சு விழும்.”

என் வாழ்நாளின் பெரும்பகுதி ஒரு மோட்டார் காப்புறுதிக் கம்பனியில், மற்றவர்களின் விபத்து அறிக்கைகளை வாசிப்பதில் போனது உனக்குத் தெரியும். அந்த வேலையில் கற்றது இது: ஒருவர் சொல்கிற காரணத்தோடு சண்டை பிடிக்கக் கூடாது. மழை பெய்தது, அதனால்தான் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதினால், அன்று மழையே இல்லை என்று வாதாடப் போகக் கூடாது; கோபம்தான் வரும். மழையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டு, குனிந்து டயரைப் பார்க்க வேண்டும். நீ அறை இல்லை என்றாய். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டு, அறை இருந்தால் என்ன காரணம் மிஞ்சும் என்று பார்க்கப் புறப்பட்டேன்.

பிக்கப் ட்ரக்கின் பின்பெட்டிக்குள் பொருந்துகிற ஒரு வீடு இருக்கிறது. காம்பர் என்கிறார்கள். இறக்கி வைத்திருக்கும்போது நாலு காலில் நிற்கும். ட்ரக்கைப் பின்னோக்கி ஓட்டி அதன் அடியில் நுழைத்து, கால்களை மேலே ஏற்றினால், வீடு ட்ரக்கின் முதுகில் உட்கார்ந்துவிடும். கட்டில் ஓட்டுபவரின் தலைக்கு மேலே. உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு சின்னத் தொட்டி, இருவர் இருந்து சாப்பிட ஒரு மேசை, அலுமாரி என்று நம்பித் திறந்தால் கழிப்பறை. போன இடத்தில் மறுபடி காலை ஊன்றி வீட்டை நிறுத்திவிட்டு, ட்ரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வரலாம். யாருடைய வீட்டுக்கும் போய், அவர்களுடைய ஒரு கதவைக்கூடத் திறக்காமல், பக்கத்தில் இருக்கலாம். எனக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போல இருந்தது.

ட்ரக்கையும் அதையும் சேர்த்து விற்றவர் போர்ட் பெரிக்கு அப்பால் ஒரு பண்ணையில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர். துணைக்கு நம் பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணையைக் கூட்டிப்போனேன். சிவம் அண்ணை சாரதிப் பயிற்சி கொடுப்பவர். நெடுங்காலமாகப் பக்கத்து ஆசனத்திலேயே இருந்து பழகியதால், தன் காலடியில் பிரேக் இல்லாத வாகனத்தில் ஏறினால் அவருக்கு வியர்க்கும். கிழவர் எல்லாவற்றையும் அவருக்கே விளக்கினார். எந்த நெம்புகோல், எந்தக் குழாய், எந்தத் திசையில் திருகுவது எல்லாம் அவருக்கு. அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கிழவர் சாவியை அவரிடம் நீட்டியபோது நான் வாங்கிக்கொண்டேன். உங்கள் மனைவியா ஓட்டப்போகிறார் என்று கிழவர் கேட்டார். சிவம் அண்ணை கேள்வியின் முதற்பாதியை மறுக்கவா இரண்டாவதையா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். கிழவரும் மனைவியும் பசுபிக் சமுத்திரம் பார்ப்பதற்காக வாங்கியதாம். பாதி வழிகூடப் போகுமுன், சூ செயின்ற் மரி என்ற ஊரில் மனைவிக்குக் கழிப்பறை பிடிக்காமற் போய்த் திரும்பிவிட்டார்கள். இப்போது மனைவி இல்லை. பசுபிக் இருக்கிறது என்றார்.

ட்ரக்கை அடியில் நுழைப்பதுதான் முதல் பரீட்சை. இருபக்கமும் ஒரு கை அகலம்கூட இல்லை.

“வாங்கோ பிள்ளை, வாங்கோ, வாங்கோ... ஐயோ நில்லுங்கோ!” என்றார் சிவம் அண்ணை.

“எந்தப் பக்கம் முட்டுது?”

“முட்டேல்லை. எனக்கு நெஞ்சு அடைச்சிட்டுது. இப்ப வாங்கோ.”

மூன்றாம் தடவை பொருந்தியது. கிழவர் கைதட்டினார், சிவம் அண்ணைக்கு.

தாய் மகனுக்கு எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பது வழக்கம். என்னிடம் இப்போது இருப்பதெல்லாம் ட்ரக்கிலிருந்து வந்தவைதான், தேவையானதை எடுத்துக்கொள். ஓட்டுபவரின் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இந்த வாகனம் எவ்வளவு தாங்கும் என்று அதில் எழுதியிருக்கும். எவரும் அதைப் படிப்பதில்லை. விற்பவர் தாங்கும் என்பார், பக்கத்து வீட்டுக்காரர் தாங்கும் என்பார், ட்ரக்கும் ஏற்றும்போது ஒன்றும் சொல்லாது. மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் வாய் திறக்கும். காம்பரின் பாரம் என்று அதன் கதவில் எழுதியிருப்பது தண்ணீர் இல்லாமல், காஸ் இல்லாமல், பற்றரி இல்லாமல், நீ இல்லாமல். கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிக் கேள்விப்படுவது போல, வெறும் ஆரம்பத் தகவல். நான் பின்டயர்களைத் தடித்தவையாக மாற்றினேன், பின் சில்லுகளுக்கு மேலே காற்றுப்பை வைத்தேன், கீழே வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டேன், நாலு மூலையிலும் சங்கிலியால் இழுத்துக் கட்டினேன். காற்றுப்பை வைத்தால் ட்ரக்கின் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் தாங்கும் அளவு கூடாது, பார்வைக்குத்தான் கூடும். இது ட்ரக்குக்கு மட்டும் பொருந்துகிற உண்மை என்று நான் நினைக்கவில்லை.

பிறகு சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு மணல் யார்டின் லொறி நிறுக்கும் தராசில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூடிவிட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை. சிவம் அண்ணை பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அரிசி மூட்டை, மிளகாய்த்தூள் போத்தல்கள், பனங்கிழங்கு ஒடியல் மா, கிரைண்டர், தேங்காய் துருவும் திருவலை, நிருஷாவுக்கு நல்லெண்ணெய், பிள்ளைக்கு ஒரு தொட்டில்.

“பிள்ளை, உது காம்பர் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடை,” என்றார்.

எட்மன்ரனில் அரிசி விற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கிரைண்டர் உங்களிடம் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகிற வழக்கம் நமக்கு இல்லையே. தராசுக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒவ்வொன்றாக இறக்கினேன். அந்த வரிசையில்தான் ரைஸ் குக்கரின் முறையும் வந்தது.

அடுத்தது உயரம். உன் வாகனத்தின் உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணுக்கு முன்னால் ஒட்டி வை. அப்படி எழுதி ஒட்டுவதற்கு முதல்நாள் நான் பழக்கதோஷத்தில் ஒரு கோப்பிக் கடையின் ட்ரைவ்-த்ரூவுக்குள் திரும்பிவிட்டேன். முன்னால், உயரத்தின் எல்லையைக் காட்டும் மஞ்சள் குழாய் ஒன்று சங்கிலியில் தொங்கியது. அதற்கு அடியால் போகலாமா என்று யோசித்து நிற்கும்போதே பின்னால் ஐந்தாறு கார்கள் சேர்ந்துவிட்டன. எல்லோரும் காலைக் கோப்பி குடிக்காதவர்கள். அந்த நிலையில் உள்ள மனிதரிடம் பின்னால் எடுங்கள் என்று கேட்பது எவ்வளவு கடினம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் போய்த் தட்டி மன்னிப்புக் கேட்டேன். கடைசிக் காரில் இருந்தது நம் பொடியன் ஒருவன்.

“அன்ரி, உங்களுக்குக் கோப்பி டபுள் டபுளோ? நான் வேண்டித் தாறன், நீங்கள் போய் ரோட்டில நில்லுங்கோ,” என்றான்.

வாங்கியும் தந்தான். அந்த வாரம் முழுவதும் என்னிடம் ஒருவர் நேருக்கு நேர் நின்று கதைத்தது அதுதான்.

காப்புறுதி எடுக்கப் போனபோது, எனக்குத் தெரியாத சட்டம் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். அது வாகனமுமில்லை, வீடுமில்லை. ட்ரக்கில் ஏற்றிய சுமை. கட்டிலும் அடுப்பும் ஜன்னலும் கதவும் இருந்தாலும் மணல் மூட்டைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான். கோயிலில் ஐயரும் கேட்டார்:

“அம்மா, உது வாகனமோ வீடோ? வாகனமெண்டா எலுமிச்சம்பழம். வீடெண்டா குடிபூரல், பால் காய்ச்ச வேணும்.”

“கவுண்மேந்து சுமை எண்டு சொல்லுது ஐயா.”

“சுமைக்குப் பூசை எழுதி வைக்கேல்லை,” என்றார் சிரிக்காமல். “ரெண்டையும் செய்வம். எது பலிக்குதோ பலிக்கட்டும்.”

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். பிறகு கார் பார்க்கிலேயே காம்பருக்குள் ஏறிப் பால் சட்டியை அடுப்பில் வைத்தேன். புது வீட்டில் பால் பொங்கி வழிய வேண்டும், வழிந்தால்தான் அந்த வீட்டில் செல்வம் தங்கும் என்பது நம்முடைய நம்பிக்கை. இந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்கள் சில்லுள்ள வீட்டில் காஸ் அடுப்பில் பால் காய்ச்சியவர்களில்லை. பால் நன்றாகவே பொங்கியது. வழிந்து அடுப்பை அணைத்தது. காஸ் தொடர்ந்து வந்தது. தரையோடு பொருத்தியிருந்த கருவி ஒன்று, செல்வம் வந்துவிட்டது என்று ஊருக்கே அறிவிப்பது போல அலறத் தொடங்கியது. நான் காஸை மூடி, ஜன்னல்களைத் திறந்து, இருந்த ஒரே கதவையும் அகலத் திறந்துவிட்டு வெளியே இறங்கினேன். மதியப் பூசை முடிந்து வந்த சனம் முழுவதும் சுற்றி நின்றது. திறந்த கதவுக்குள்ளால் தலையணை தெரிந்தது, சட்டி பானை தெரிந்தது, கொழுவியிருந்த என் வீட்டுச் சட்டை தெரிந்தது, உன் அப்பாவின் படம் தெரிந்தது. முன்வரிசையில் மனோ அக்கா. உன்னோடு படித்த ரவியின் தாய்.

“ஐயோ பிள்ளை... எப்ப தொடக்கம் உதுக்குள்ள இருக்கிறீர்?”

“இண்டைக்குத்தான் பால் காய்ச்சினனான் அக்கா.”

“அப்ப வீடு?”

“ஒண்டாம் திகதியிலயிருந்து வாடகைக்குக் குடுத்திட்டன்.”

“மகன்?”

“எட்மன்ரனில. அவையிட்ட ரூம் இல்லை.”

மூன்று பதிலும் உண்மை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. உண்மையை மட்டுமே அடுக்கி ஒரு முழுப் பொய்யைக் கட்டிவிடலாம் என்பதை நான் அலுவலகத்தில் எத்தனையோ கோரிக்கைகளில் பார்த்திருக்கிறேன். என் கையால் கட்டியது அன்றுதான். மனோ அக்கா மடப்பள்ளிப் பக்கம் போய், அன்னதானச் சோறு இரண்டு பெட்டியில் கட்டிக்கொண்டுவந்து என் கையில் வைத்துக் கையை மூடினா. “ஒண்டு இரவுக்கு,” என்றா. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சோறு சூடாக இருந்தது.

அடுத்த நாள் ரெக்ஸ்டேலிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் கூப்பிட்டு, தன் வீட்டு பேஸ்மென்ற் காலியாக இருக்கிறது, காசு பிறகு பார்க்கலாம் என்றா. ஒரு கத்தோலிக்கக் குடும்பம் செபத்தில் என் பெயரைச் சேர்த்திருப்பதாகச் சொல்லி அனுப்பியது. நான் சைவம் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் ஒன்றும் குறையாது என்றார்களாம். சலூனில் தலைமுடி வெட்டப் போன சிவம் அண்ணை திரும்பி வந்து, வேலிக்கு மேலால் புதுச் செய்தி சொன்னார்.

“பிள்ளை, மகன் உம்மட வீட்டை எழுதி வேண்டிப்போட்டாராம்.”

“வீடு என்ர பேரில இருக்கு அண்ணை.”

“அதைத்தான் நானும் சொன்னனான். பாவம், பெத்த பிள்ளையை விட்டுக்குடுக்காம அப்பிடிச் சொல்லுறாவாக்கும் எண்டு சொல்லுறாங்கள்.”

பிறகு நீ கூப்பிட்டாய்.

“அம்மா, சீரியஸ்லி? நிருஷான்ர பெரியம்மா போன் பண்ணி அழுறா. நீங்கள் ட்ரக்குக்குள்ள சீவிக்கிறீங்களாம். வாட் இஸ் கோயிங் ஒன்?”

“சீவிக்கேல்லைத் தம்பி. பயணம் போறன். உங்கதான் வாறன்.”

“இஞ்சயோ?”

“ரூம் இல்லையெண்டனீ எல்லே. நான் ரூமையும் கொண்டுதான் வாறன். கட்டில் இருக்கு, அடுப்பிருக்கு, கக்கூசிருக்கு. உங்கட ட்ரைவ்வேல, கார் விடுற இடத்தில, ஒரு கரை எனக்குக் காணும். பகலில பிள்ளையைப் பாத்திட்டு, பொழுதுபட என்ர பாட்டில வந்து படுத்திடுவன்.”

உனக்குப் பின்னால் பிள்ளை ஏதோ ஒரு பாத்திரத்தைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. தட்டுகிறாள், நிறுத்துகிறாள், தட்டுகிறாள். கெட்டிக்காரி. யாரோ அவளிடமிருந்து அதை வாங்கினார்கள்.

“ட்ரைவ்வேல மாமான்ர கார் நிக்குது அம்மா,” என்றாய்.

“சரி தம்பி,” என்றேன்.

மழை நின்றுவிட்டது. டயர் தெரிந்தது.

அதைப் பார்த்துக் கோபப்பட்டேன் என்று நினைக்காதே. காரணம் தேடுவது என் தொழில், அதனால் தேடினேன். நாங்கள் மோர்னிங்சைட்டில் அப்பார்ட்மென்றில் இருந்தபோது உனக்கென்று ஓர் அறை இருந்தது. அதில் நீ படுத்த நாட்கள் குறைவு. புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உன் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தார். அவர் வேலை எடுத்துப் போக என் சித்தப்பாவின் மகன் வந்தார். பிறகு ஒருவர், மெலிந்தவர், நல்லாகப் பாடுவார். ஒரு மாரிகாலம் முழுவதும் உன் கட்டிலில் படுத்தார். அவர் போன பிறகுதான் நான் உன் அப்பாவிடம் கேட்டேன், அவர் உங்களுக்கு என்ன முறை என்று. அவர் உன்னுடைய ஆள் என்றல்லவா நான் நினைத்தேன் என்றார் உன் அப்பா. அந்த மாரி நீ ஹோல் சோபாவில் படுத்தாய். நீ வளர்ந்துகொண்டிருந்தாய், சோபா வளரவில்லை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விடிய வேலைக்குப் போகும்போது நான் அதைப் போர்வையால் மூடிவிட்டுப் போவேன். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சொன்னாய்: “எனக்கு வீடு வந்தா ஒருத்தரையும் படுக்க விடமாட்டன்.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். யாருடைய ஆள் என்று தெரியாத அந்த மனிதர்தான் அதிகம் சிரித்தார். நான் இப்போதும் வருத்தப்படவில்லை தம்பி. தை மாதப் பனியில் அவர்களை எங்கே அனுப்புவது? நாளைக்கு வந்தாலும் அதே கட்டிலைத்தான் கொடுப்பேன். ஆனால் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், சோபாவின் நீளம் என்று எழுதுவேன்.

வீட்டுக்கு வாடகைக்காரர் வரும் நாள் வந்துவிட்டது. இளம் தம்பதி, கோடை முடியும் வரைக்கும். சாவியைக் கொடுத்துவிட்டேன். சிவம் அண்ணை வாசலில் நின்று, கண்ணாடியைப் பார், சிக்னலைப் போடு என்று தன் மாணவர்களுக்குச் சொல்வதையெல்லாம் எனக்கும் சொன்னார். பிறகு, “எட்மன்ரனுக்குப் போனதும் போன் அடியுங்கோ,” என்றார். ஓம் என்றேன். நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் இரண்டு பாதை பிரிகிறது; மேற்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று. மேற்கே இடமில்லை என்று அறிவித்தாயிற்று. கிழக்கே அப்படி யாரும் எனக்கு இன்னும் அறிவித்திருக்கவில்லை. கிழக்குப் பாதையில் ஏறினேன்.

காம்பரோடு ஓட்டும்போது பெரிய லொறிகள் கடந்தால் முதலில் உள்ளே இழுக்கும், பிறகு வெளியே தள்ளும். திருத்தப் போகக் கூடாது, ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தால் தானாகச் சரியாகும். முன்னால் போகும் வாகனத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். விட்ட இடைவெளிக்குள் யாராவது புகுவார்கள், மறுபடி விட வேண்டும். மொன்றியலைத் தாண்டியதும் எல்லாம் பிரெஞ்சு, யாருடைய பேச்சும் எனக்கு விளங்கவில்லை. அது ஒரு விதத்தில் சுகம். யாரும் என்னைப் பற்றிக் கதைத்தாலும் தெரியாது. செயின்ற் லோரன்ஸ் ஆற்றங்கரையில் ஒரு முகாமில் பக்கத்து இடத்துக்காரர், உங்களோடு வந்தவர் எங்கே என்று சைகையில் கேட்டார். நான் ட்ரக்கைக் காட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தூங்குகிறாரா என்று கன்னத்தில் கையை வைத்துக் காட்டினார். ஓம் என்று தலையாட்டினேன். பிறகு அந்த இடத்தில் இருந்தவரை இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்ற வேண்டியதாயிற்று. முதற்கோப்பையை நான் குடிப்பேன். மற்றது ஆறும், அதையும் நான் குடிப்பேன். கடைக்கு நடந்துபோகக் கதவைப் பூட்டும்போது, “போட்டு வாறன்” என்று சொல்கிறேன். சொன்ன பிறகுதான் உள்ளே ஆளில்லை என்பது நினைவுக்கு வருகிறது. அடுத்த நாளும் சொல்கிறேன்.

மேசைக்கு மேலே ஜன்னல். அதனூடாக ஆறு தெரியும். இப்போது நான் நிற்கும் இடத்தில் ஆறு அகன்று அகன்று போய் மறுகரை தெரியாது, கடல் என்று சொல்லிவிடலாம். ஆனால் ருசி பார்த்தால் இன்னும் உப்பு முழுதாக ஏறவில்லை. மழை பெய்தால் தலைக்கு மேல் தகரத்தில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்கும். வாசிக்கலாம் என்று கொண்டுவந்த புத்தகங்கள், பாரத்துக்காகவும் இறக்காமல் விட்டவை. வாசிக்கிறேன். நல்ல இடம் வந்தால் தலையை நிமிர்த்தி எதிர் ஆசனத்தைப் பார்க்கிறேன், வாசித்துக் காட்டுவதற்கு. அங்கே தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. பிரேக் போட்டால் உருளக் கூடாது என்று அதற்கு ஆசனப் பட்டி போட்டிருக்கிறேன்.

நிருஷாவைப் பற்றி ஊர் சொன்னது எதுவும் உண்மையில்லை என்பதை இந்தப் பத்திரிகை வாசிக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். அவள் எனக்கு மாதம் தவறாமல் பிள்ளையின் படங்கள் அனுப்புகிறவள். சம்பந்தி நல்ல மனிதர், அவருடைய கார் சட்டப்படிதான் நிறுத்தப்பட்டிருந்தது. நீயும் கல்நெஞ்சக்காரன் இல்லை. உயரமானவன், அவ்வளவுதான்.

இவ்வளவையும் எழுதி, அனுப்புவதற்கு முன் ஒருநாள் ஆறப்போட்டிருந்தேன். இன்று பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது கைபேசியில் நிருஷாவின் செய்தி வந்திருந்தது: “மாமி, அப்பா காரை ரோட்டில விட்டிட்டார். ட்ரைவ்வே காலி. இவர் பின்னேரம் முழுக்க அளவு நாடாவோட வெளியில நிண்டு அளந்தவர். காம்பர் எவ்வளவு நீளம் எண்டு கேக்கிறார். எங்க வந்திட்டியள்?”

நான் நாட்டின் கிழக்குக் கரையில், நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறேன். எட்மன்ரன் எனக்குப் பின்னால், நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல்.